ஆர்எச்சிஎஸ்ஏ, எல்பிஐசி-1: எதைத் தேர்ந்தெடுப்பது, எதை வைத்துப் படிப்பது?

நூல்முனை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரிண்டர், பில்லிங் மென்பொருள், நெட்வொர்க் கேபிள் என்றே பொழுது போய்விடுகிறது. எங்கள் அலுவலகத்தில் இருப்பவை அனைத்தும் விண்டோஸ் கணினிகள். சர்வர் நிர்வாகத்தின் பக்கம் நகர வேண்டும் என்பதற்காக லினக்ஸ் சான்றிதழ் ஒன்றைப் பெற முடிவு செய்திருக்கிறேன். உபுண்டுவை நிறுவத் தெரியும். கோப்புகளை நகலெடுப்பது, அனுமதிகளை மாற்றுவது போன்ற அடிப்படைக் கட்டளைகளும் பழக்கம். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

விசாரித்த இடங்களில் சிலர் ரெட் ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ சான்றிதழைச் சொல்கிறார்கள், சிலர் எந்த லினக்ஸ் நிறுவனத்தையும் சாராத எல்பிஐ அமைப்பின் எல்பிஐசி-1 எடுக்கச் சொல்கிறார்கள். தேர்வுக் கட்டணத்தைக் கட்டுவதே எனக்குப் பெரிய செலவு என்பதால் பயிற்சி மையத்தில் சேரும் எண்ணம் இல்லை. நானே படிப்பதாக இருந்தால் எந்தப் புத்தகம், எந்த இணையப் பாடம் நம்பத் தகுந்தது? உடன் வேலை பார்க்கும் ஒருவர், ‘இதை மனப்பாடம் செய்தால் போதும்’ என்று ஒரு பிடிஎஃப் கோப்பை அனுப்பியிருக்கிறார். அதைத் திறந்து பார்க்கலாமா என்பதே சந்தேகமாக இருக்கிறது. பயிற்சிக்கு என்னிடம் இருப்பது 8 ஜிபி ரேம் கொண்ட பழைய மடிக்கணினி மட்டுமே.

முனையம் எழுதியது:

வணக்கம் நூல்முனை. இந்த இரண்டு தேர்வுகளும் அடிப்படையிலேயே வேறு வகையைச் சேர்ந்தவை. ஒன்றுக்கு உதவும் பாடநூல் மற்றதற்குப் பாதிகூட உதவாது என்பதால், தேர்வின் இயல்பைப் புரிந்துகொண்ட பிறகே புத்தகக் கடைக்குப் போக வேண்டும். எல்பிஐசியைப் பற்றி அதை நன்கு அறிந்தவர்கள் சொல்வார்கள். நான் ஆர்எச்சிஎஸ்ஏவைப் பற்றிச் சொல்கிறேன்.

இஎக்ஸ்200 என்ற குறியீடு கொண்ட இந்தத் தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் வேலையே கிடையாது. மூன்று மணி நேரம் தருவார்கள்; உங்கள் முன்னால் லினக்ஸ் கணினிகளும் செய்து முடிக்க வேண்டிய பணிகளின் பட்டியலும் இருக்கும். 300 மதிப்பெண்ணுக்கு 210 எடுத்தால் தேர்ச்சி. இணையம் கிடையாது, கைக்குறிப்புகள் கிடையாது. ஆனால் அந்த இயங்குதளத்தோடு வரும் மேன் பக்கங்களையும் (கட்டளைகளை விளக்கும் உள்ளமைந்த கையேடு) மற்ற ஆவணங்களையும் எவ்வளவு வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். நீங்கள் செய்த அமைப்புகள் கணினியை மறுபடி தொடங்கிய பிறகும் நிலைத்திருக்க வேண்டும் என்பது தேர்வு விதி. என்ன கட்டளை கொடுத்தீர்கள் என்பதை எவரும் பார்ப்பதில்லை, முடிவில் கணினி எந்த நிலையில் இருக்கிறது என்பதற்குத்தான் மதிப்பெண்.

ஆகவே உங்கள் முதல் பாடநூல் ரெட் ஹேட் தன் தளத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கும் தேர்வு நோக்கங்களின் பக்கம்தான். அதை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரில் அதைச் செய்ய எந்தக் கட்டளை, அந்தக் கட்டளையின் எடுத்துக்காட்டு எந்த மேன் பக்கத்தில் இருக்கிறது என்று நீங்களே எழுதி நிரப்புங்கள். பதிப்பைக் கவனிக்க வேண்டும். ரெட் ஹேட் லினக்ஸின் 9ஆம் பதிப்புக்கான பாடத்திட்டத்தில், மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் கன்டெய்னர்களைப் பாட்மன் என்ற கருவி கொண்டு இயக்கும் பகுதி இருந்தது. 10ஆம் பதிப்பில் அது போய், ஃபிளாட்பேக் வடிவ மென்பொருள் தொகுப்புகளை நிறுவுவதும், குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் சிஸ்டம்டி டைமர்களும் வந்திருக்கின்றன. பழைய புத்தகத்தை வாங்கிவிட்டுத் தேவையில்லாத அத்தியாயத்தோடு மல்லுக்கட்டுவோரைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

புத்தகம் ஒன்று போதும். சாண்டர் வான் வக்ட் எழுதிய ஆர்எச்சிஎஸ்ஏ வழிகாட்டியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அத்தியாய முடிவில் வரும் பயிற்சிப் பணிகளும் இறுதியில் உள்ள மாதிரித் தேர்வுகளுமே அதன் பலம். விளக்கப் பகுதி சில இடங்களில் வழவழவென்று போகும், அங்கே வேகமாகத் தாண்டிவிடலாம். அதற்கு மேல் தெளிவு வேண்டிய இடங்களில் ரெட் ஹேட்டின் அதிகாரபூர்வ ஆவணங்களைப் படியுங்கள். சேமிப்பக மேலாண்மை, எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) ஆகிய இரண்டு கையேடுகளும் விலைக்கு விற்கும் பல நூல்களைவிட நன்றாக எழுதப்பட்டவை, அவற்றுக்குக் கட்டணமும் இல்லை. இயங்குதளத்துக்கும் நீங்கள் பணம் கொடுக்க வேண்டாம். தனிநபர்களுக்கான டெவலப்பர் சந்தாவில் 2021 முதல் 16 கணினிகள் வரை இலவசமாக ரெட் ஹேட் லினக்ஸை நிறுவிக்கொள்ளலாம். அது தொல்லை என்று பட்டால் அதனோடு ஒத்துப்போகும் இலவச இயங்குதளங்களான ஆல்மாலினக்ஸ் அல்லது ராக்கி லினக்ஸ் போதும். அதே குடும்பத்தைச் சேர்ந்த சென்ட்ஓஎஸ் 7ஐ வைத்து எடுத்த பழைய காணொளிகளைத் தொட வேண்டாம். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜூன் மாதத்தோடு முடிந்துவிட்டது.

எப்படிப் பயிற்சி செய்வது என்பதற்கு இரண்டு இடங்களை மட்டும் சற்று நெருக்கமாகக் காட்டுகிறேன். முதலாவது எஃப்எஸ்டேப், அதாவது கணினி தொடங்கும்போது எந்த வட்டுப் பகுதிகளை இணைப்பது என்று பட்டியலிடும் கோப்பு. புதிய வட்டுப் பகுதி ஒன்றை உருவாக்கி, கணினி தொடங்கும்போதே அது தானாக இணைய வேண்டும் என்று ஒரு பணி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பில் வட்டுப் பகுதியின் அடையாளமான யூயூஐடி எண்ணின் ஓர் எழுத்து தவறினாலும் கணினி முழுதாகத் தொடங்காமல் அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும். அந்த நிலையிலேயே விட்டுவிட்டால் அந்தக் கணினியில் நீங்கள் செய்த மற்ற எல்லாப் பணிகளும் சேர்ந்து வீணாகும். எனவே வரியைச் சேர்த்ததும் ‘மவுண்ட் -ஏ’ கொடுத்துப் பார்ப்பது, ‘ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை’ கொடுத்துப் பிழை இருக்கிறதா என்று சரிபார்ப்பது, அதற்குப் பிறகே மறுதொடக்கம் என்ற வரிசை கைக்குப் பழகிவிட வேண்டும். வேண்டுமென்றே தவறான வரியை எழுதி, கணினியை விழவைத்து, அவசர நிலையிலிருந்து அதை மீட்டெடுத்துப் பாருங்கள். எந்தப் புத்தகமும் அந்தப் பயிற்சிக்கு ஈடாகாது.

இரண்டாவது எஸ்இலினக்ஸ். வெப் சர்வரை வழக்கத்துக்கு மாறான போர்ட்டில், எடுத்துக்காட்டாக 82இல், இயக்கச் சொன்னால் சேவை தொடங்க மறுக்கும். பலர் அந்த இடத்தில் எஸ்இலினக்ஸையே அணைத்துவிடத் துடிப்பார்கள். செய்ய வேண்டியது அந்தப் போர்ட்டுக்கு உரிய எஸ்இலினக்ஸ் முத்திரையை (லேபிள்) சேர்ப்பது மட்டுமே. அதற்கான செமேனேஜ் கட்டளையின் நீளமான வடிவத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ‘செமேனேஜ்-போர்ட்’ என்ற மேன் பக்கத்தின் அடியில் போர்ட் எண்ணை மட்டும் மாற்றினால் போதும் என்ற அளவில் எடுத்துக்காட்டு தயாராக இருக்கிறது. பிறகு ஃபயர்வாலிலும் அந்தப் போர்ட்டை நிரந்தரமாகத் திறக்க வேண்டும். ‘பெர்மனென்ட்’ என்ற தெரிவை விட்டுவிட்டால் மறுதொடக்கத்தில் அது மறைந்துவிடும்.

ஆலமரத்தடி எழுதியது:

முனையம் சொன்னவற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் நூல்முனையின் இடத்தில் இருப்பவர் நேராக ஆர்எச்சிஎஸ்ஏவுக்குப் போவதைவிட எல்பிஐசி-1 வழியாகப் போவது நல்லது என்பது என் கருத்து. காரணம், ரெட் ஹேட் தேர்வு ஒரே நிறுவனத்தின் இயங்குதளத்தைச் சுற்றியே நிற்கிறது. எல்பிஐசி-1இலோ உபுண்டு சேர்ந்த டெபியன் குடும்பத்தின் மென்பொருள் தொகுப்பு மேலாண்மையும் உண்டு, ரெட் ஹேட் சேர்ந்த ஆர்பிஎம் குடும்பத்தினதும் உண்டு; சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியும் உண்டு, அதற்கு முந்தைய சிஸ்வி இனிட்டும் உண்டு. சிறிய நிறுவனங்களில் வேலைக்குப் போகிறவருக்கு எந்தச் சர்வர் கையில் கிடைக்கும் என்று தெரியாது. உபுண்டு கிடைக்கவே வாய்ப்பு அதிகம்.

இதில் 101, 102 என்று இரண்டு தேர்வுகள். ஒவ்வொன்றிலும் 90 நிமிடத்தில் 60 கேள்விகள். 200 முதல் 800 வரையிலான அளவுகோலில் 500 எடுக்க வேண்டும். பெரும்பாலானவை விடையைத் தெரிவு செய்யும் கேள்விகள் என்றாலும், கட்டளையின் பெயரையோ கோப்பின் பாதையையோ நீங்களே தட்டச்சு செய்ய வேண்டிய கேள்விகளும் வரும். சான்றிதழ் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும், ஆர்எச்சிஎஸ்ஏவுக்கு மூன்றாண்டுதான்.

படிப்பதற்கு எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் இல்லை. எல்பிஐ அமைப்பே தன் கற்றல் தளத்தில் இரண்டு தேர்வுகளுக்கும் முழுப் பாடங்களையும் பிடிஎஃப் வடிவில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு பாடத்தின் இறுதியிலும் வழிகாட்டப்பட்ட பயிற்சிகள், நீங்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய பயிற்சிகள் என்று இரண்டு தொகுதிகள் உண்டு, விடைகளும் கூடவே இருக்கின்றன. இரண்டாவது தொகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள், சரக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. அச்சு நூல்தான் வேண்டும் என்றால் சைபெக்ஸ் பதிப்பகத்தின் எல்பிஐசி-1 நூலைப் பார்க்கலாம். பருமனானது, பொறுமை வேண்டும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. எல்பிஐ தன் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் எடை மதிப்பைக் கொடுத்திருக்கிறது. ஒரு தேர்வின் எடைகளைக் கூட்டினால் 60 வரும். அதாவது அந்தத் தலைப்பிலிருந்து ஏறத்தாழ எத்தனை கேள்விகள் வரும் என்பதற்கான குறிப்பு அது. 101இல் ‘குனு, யூனிக்ஸ் கட்டளைகள்’ என்ற ஒரு பகுதிக்கு மட்டும் 26. உரைக்கோப்புகளை வடிகட்டுவது, பைப் கொண்டு கட்டளைகளை இணைப்பது, பிராசஸ்களைக் கட்டுப்படுத்துவது, ரெகுலர் எக்ஸ்பிரஷன், விஐ எடிட்டர் எல்லாம் அதற்குள் அடங்கும். 102இல் நெட்வொர்க் அடிப்படைகளுக்கு 14. நீங்கள் கேபிள் வேலை பார்ப்பவர் என்பதால் ஐபி முகவரி, சப்நெட் எல்லாம் பழக்கமாக இருக்கும், அந்தப் பகுதி எளிதாகப் போகும். அதே தேர்வில் எக்ஸ்11, டெஸ்க்டாப் பகுதிக்கு மொத்தமே 4தான். பாடநூலில் ஒரே பருமனில் தெரியும் இரண்டு அத்தியாயங்களின் மதிப்பு இப்படி ஒன்றுக்கு மூன்றாகவும் ஆறாகவும் வேறுபடும். படிக்கும் நேரத்தை இந்த எடையைப் பார்த்துப் பங்கிடுங்கள்.

எல்பிஐசியே மலைப்பாக இருந்தால் அதற்கு ஒரு படி கீழே லினக்ஸ் எசென்ஷியல்ஸ் என்ற சான்றிதழ் இருக்கிறது. ஒரு மணி நேரம், 40 கேள்விகள், ஒருமுறை பெற்றால் காலாவதி ஆகாது. ஆனால் உபுண்டுவை நிறுவிப் பழகிய உங்களுக்கு அதற்குக் கட்டணம் கட்டுவது வீண். அதன் பாடங்களை மட்டும் இலவசமாகப் படித்துக்கொண்டு மேலே போகலாம்.

வைகைக்கரை எழுதியது:

அந்தப் பிடிஎஃபைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். இத்துறையில் அதற்கு ‘டம்ப்’ என்று பெயர். தேர்வு எழுதியவர்கள் வெளியே கொண்டுவந்த கேள்விகள், அல்லது அப்படிச் சொல்லி விற்கப்படும் கேள்விகள். தேர்வுக்கு முன் நீங்கள் ஒப்புக்கொள்ளும் இரகசியக் காப்பு உடன்படிக்கையை அது மீறுகிறது. கண்டுபிடித்தால் சான்றிதழை ரத்து செய்யும் உரிமை அந்த அமைப்புகளுக்கு உண்டு. அறம் ஒருபுறம் இருக்கட்டும், செய்முறைத் தேர்வில் அதனால் என்ன பயன்? எண்களையும் பெயர்களையும் மாற்றிவிட்டால் மனப்பாடம் செய்தவர் திணறிவிடுவார். 16 எம்பி அளவுள்ள துண்டுகளில் 50 எடுத்து ஒரு லாஜிக்கல் வால்யூம் (எல்விஎம் கொண்டு அமைக்கும் வட்டுப் பகுதி) உருவாக்கு என்று கேட்டால், 800 எம்பி வரும் என்பது புரிந்தவருக்கு 8 எம்பி, 60 துண்டுகள் என்று மாற்றினாலும் கவலை இல்லை. எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது என்பது போன்ற செய்திகள் டம்ப் பிடிஎஃபில் இருக்காது. அது தெரியாமல் அரை மணி நேரத்தைத் தொலைப்பவர்கள் உண்டு.

டம்பையும் மாதிரித் தேர்வையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். ஒரு நூலாசிரியர் பாடத்திட்டத்தைப் பார்த்துத் தானே எழுதிய பணிகள் முறையானவை, அவற்றைத் தாராளமாகச் செய்து பார்க்கலாம்.

கட்டளை வரியில் கை பழகுவதற்கு இரண்டு இலவச வழிகளைச் சேர்க்கிறேன். வில்லியம் ஷாட்ஸ் எழுதிய ‘தி லினக்ஸ் கமாண்ட் லைன்’ நூலை அவரே தன் தளத்தில் இலவச பிடிஎஃபாக வைத்திருக்கிறார். எந்தத் தேர்வையும் குறிவைத்து எழுதியது அல்ல என்பதே அதன் சிறப்பு. நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் எப்படி நினைக்கிறது என்பதை அதைவிடப் பொறுமையாகச் சொன்ன நூலை நான் பார்த்ததில்லை. மற்றது ஓவர்தவயர் தளத்தின் பேண்டிட் விளையாட்டு. தொலைவிலுள்ள அவர்கள் கணினிக்குள் எஸ்எஸ்எச் வழியே நுழைந்து, ஒவ்வொரு நிலையிலும் ஒளித்துவைத்த கடவுச்சொல்லைத் தேடி எடுத்தால்தான் அடுத்த நிலைக்குப் போகலாம். ஃபைண்ட், கிரெப், சார்ட் எல்லாம் படித்த நினைவே இல்லாமல் கைக்கு வந்துவிடும்.

நூல்முனை எழுதியது:

மூவருக்கும் நன்றி. பிடிஎஃபை அழித்துவிட்டேன். நீங்கள் சொன்னவற்றைப் பார்க்கும்போது, எல்பிஐயின் இலவசப் பாடங்களை அடிப்படைக்காகப் படித்துவிட்டு, தேர்வுக் கட்டணத்தை ஆர்எச்சிஎஸ்ஏவுக்கே செலவிடலாம் என்று தோன்றுகிறது. இந்தப் பக்கம் வரும் வேலை விளம்பரங்களில் அதன் பெயரைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

இரண்டு ஐயங்கள். நேற்று இரவு ரெட் ஹேட் லினக்ஸ் 10ஆம் பதிப்பை விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் நிறுவ முயன்றேன். தொடக்கத்திலேயே கர்னல் பேனிக் என்று வந்து நின்றுவிடுகிறது. மடிக்கணினியில் இருப்பது இன்டெல் மூன்றாம் தலைமுறை ஐ5. இரண்டாவதாக, ஆங்கிலத்தில் படிக்க முடியும் என்றாலும் புதிய கருத்துகள் தமிழில் கேட்டால்தான் சட்டென்று புரிகிறது. தமிழில் ஏதாவது இருக்கிறதா?

ஆலமரத்தடி எழுதியது:

உங்கள் திட்டத்தை நான் மறுக்கவில்லை. பாடங்களை அடிப்படைக்காகப் படிப்பதாக இருந்தால் 101இன் கட்டளைப் பகுதியையும், 102இல் ஷெல் ஸ்கிரிப்ட், பயனர் கணக்குகள், பதிவுக்கோப்புகள் ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிண்டர், அஞ்சல் சேவை போன்றவற்றை விட்டுவிடலாம், ஆர்எச்சிஎஸ்ஏவில் அவை இல்லை.

தமிழில் இரண்டு இடங்கள் உண்டு. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ், பேஷ் பாடங்கள் தமிழ்க் குரலில் கிடைக்கின்றன. சிறிய சிறிய காணொளிகள். கேட்டுக்கொண்டே அருகில் டெர்மினலைத் திறந்து செய்து பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். உபுண்டுவை வைத்து எடுத்தவை, சில பழையவை, ஆனாலும் கோப்பு அனுமதி, பிராசஸ் போன்ற அடிப்படைகளுக்கு வயதாகவில்லை. கணியம் தளத்தில் ‘எளிய தமிழில்’ வரிசையில் குனு/லினக்ஸ் பற்றிய மின்னூல்கள் இலவசமாக இருக்கின்றன. ஆனால் தேர்வைத் தமிழில் எழுத முடியாது. முதல் சுற்றைத் தமிழில் கேட்டுவிட்டு, அதே தலைப்பின் மேன் பக்கத்தை உடனே ஆங்கிலத்தில் படித்துவிடுங்கள். தேர்வு அறையில் உங்களுக்குத் துணை அந்தப் பக்கம் மட்டும்தான்.

முனையம் எழுதியது:

கர்னல் பேனிக்குக்குக் காரணம் உங்கள் செயலி. ரெட் ஹேட் லினக்ஸ் 10 எக்ஸ்86-64-வி3 என்ற கட்டளைத் தொகுப்பைக் கேட்கிறது. 2013இல் வந்த இன்டெல் நான்காம் தலைமுறையிலிருந்துதான் அது உண்டு. லினக்ஸில் ‘எல்எஸ்சிபியூ’ கொடுத்து, வரும் பட்டியலில் ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 10 ஓடாது, ராக்கி 10உம் ஓடாது. ஆனால் ஆல்மாலினக்ஸ் தன் 10ஆம் பதிப்பைப் பழைய செயலிகளுக்காக வி2 வடிவிலும் தனியாக வெளியிடுகிறது. பதிவிறக்கும்போது வி2 என்று குறித்திருக்கும் ஐஎஸ்ஓவை எடுங்கள். நீங்கள் பயில வேண்டிய கட்டளைகள் அனைத்தும் அதில் அப்படியே இருக்கும்.

8 ஜிபி ரேமில் இரண்டு மெய்நிகர் கணினிகள் தாராளமாக ஓடும். வரைகலை இடைமுகம் இல்லாத குறைந்தபட்ச நிறுவலைத் தேர்ந்து, ஆளுக்கு 2 ஜிபி ஒதுக்குங்கள். இரண்டாவது கணினியில் முதன்மை வட்டைத் தவிர 5 ஜிபி அளவில் இரண்டு காலி வட்டுகளைச் சேர்த்துவிடுங்கள், எல்விஎம், ஸ்வாப் பயிற்சிகளுக்கு அவை வேண்டும். எல்லாம் தயாரானதும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்தால், எதை உடைத்தாலும் இரண்டு நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம். குறைந்தபட்ச நிறுவலில் செமேனேஜ் கட்டளை இருக்காது. எந்தத் தொகுப்பில் அது வருகிறது என்று, மென்பொருள் நிறுவும் கருவியான டிஎன்எஃப்பின் ‘ப்ரொவைட்ஸ்’ கட்டளை கொண்டு கண்டுபிடித்து நிறுவுவதையே முதல் பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் கட்டும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். வீட்டிலிருந்து தேர்வு எழுதுவதாக இருந்தால், ரெட் ஹேட் தரும் இயங்குதளப் படிமத்தை யூஎஸ்பியில் ஏற்றி, அதிலிருந்து உங்கள் கணினியைத் தொடங்க வேண்டியிருக்கும். தனி வெப் கேமராவும் வேண்டும். இந்த மடிக்கணினி அதற்கு ஒத்துழைக்கிறதா என்பதை அவர்கள் கொடுத்திருக்கும் சோதனை முறையில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் தேர்வு மையத்தில் எழுதும் வாய்ப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கு கணினி அவர்களுடையது.